பலகை பொய் சொல்லக் கூடாது

மட்டாஞ்சேரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ சாலை வேலைக் கம்பெனியில் சேர்ந்துவிட்டாய் என்று அக்கா போனில் சொன்னாள். அங்கமாலிக்கு வடக்கே, தேசிய நெடுஞ்சாலை 544-இல் அண்டர்பாஸ் கட்டும் இடத்தில் டிராஃபிக் பொறுப்பாமே. சொன்னவள் குரலில் கொஞ்சம் வருத்தம். "படிச்ச பையனைக் கொடி ஆட்ட விட்டுட்டாங்களே" என்றாள். அவளுக்குச் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன். கான்கிரீட் போடுகிறவன் தப்பு செய்தால் இடித்துவிட்டுத் திரும்பக் கட்டலாம். நீ தப்பு செய்தால் திருத்துவதற்கு இரண்டாம் தடவை கிடைக்காது. உனக்குக் கொடுத்திருப்பது சின்ன வேலை இல்லை.

நான் சூப்பர்வைசராக இருந்த காலத்தில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ரோட்டில் குழாய்க்காகத் தோண்டி மூடினோம். வேலை முடிந்தது, ஆட்கள் அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்கள். 'வேலை நடக்கிறது, மெதுவாகச் செல்லவும்' என்ற பலகையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அங்கேதானே தோண்டப் போகிறோம், இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்துத் தோண்டினோம். அன்று சாயங்காலம் ஒரு ஸ்கூட்டர்காரர் வேகம் குறைக்காமல் வந்து குழிக்குள் விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர் என்னைத் திட்டவில்லை. "அந்த போர்டு தினமும் இருக்குமே சார், அங்க ஒண்ணும் இருக்காதே" என்றார். பத்து நாளாக அந்தப் பலகை அவரிடம் பொய் சொல்லியிருக்கிறது. பதினோராம் நாள் அது உண்மை சொன்னபோது அவர் எப்படி நம்புவார்?

இந்த வேலையின் முக்கியமான பாடத்தை நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். பலகை உண்மை சொல்ல வேண்டும். வேலை இல்லாத நாளில் அதைத் துணியால் மூடு, அல்லது திருப்பி வை, அல்லது எடுத்து வண்டியில் போடு. வேகம் 30 என்று எழுதினால் அந்த இடத்துக்கு 30 உண்மையிலேயே வேண்டியிருக்க வேண்டும். காலி ரோட்டில் 30 என்று எழுதி வைத்தால் டிரைவர் சிரித்துக்கொண்டே 70-இல் போவான். அடுத்த சைட்டின் 30-ஐயும் அதே 70-இல் கடப்பான்.

உன் ரோட்டின் கதை உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். இடப்பள்ளியிலிருந்து மண்ணுத்தி வரை சுமார் 65 கிலோமீட்டர். ஆம்பல்லூர், பேராம்பிரா, முரிங்கூர் என்று பல இடங்களில் ஒரே சமயத்தில் அண்டர்பாஸ் வேலையைத் தொடங்கினார்கள். நெடுஞ்சாலை வண்டிகளை எல்லாம் பக்கத்து சர்வீஸ் ரோட்டில் இறக்கிவிட்டார்கள். மழைக்காலம் வந்ததும் அந்த சர்வீஸ் ரோடு குழியும் சேறுமாகிவிட்டது. நெரிசலில் மணிக்கணக்கில் ஜனங்கள் நின்றார்கள். 2025 ஆகஸ்ட் 6-ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம், அந்த ரோட்டிலுள்ள பாலியேக்கரா சுங்கச்சாவடியில் நான்கு வாரத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று நிறுத்திவிட்டது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 65 கிலோமீட்டரைக் கடக்க 12 மணி நேரம் ஆகுமென்றால் எதற்காக ஒருவர் 150 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று அப்போதைய தலைமை நீதிபதி கவாய் விசாரணையிலேயே கேட்டார். ஒரு லாரி கவிழ்ந்ததால்தான் அந்த நெரிசல் என்று வாதாடினார்கள். அது தானாகக் கவிழவில்லை, குழியில் இறங்கிக் கவிழ்ந்தது என்று நீதிமன்றம் சொன்னது. ஆகஸ்ட் 19-இல் மேல்முறையீடு தள்ளுபடியானது. அக்டோபர் 17-இல்தான் மறுபடியும் கட்டணம் வசூலிக்க அனுமதி கிடைத்தது.

அந்த வழக்கில் உனக்கு ஒரு பாடம் இருக்கிறது. டைவர்ஷன் என்பது அம்புக்குறி போட்ட பலகை மட்டும் இல்லை, அதுவும் ஒரு ரோடு. உள்ளூர் ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் போட்ட சர்வீஸ் ரோட்டில் வாளையாறு வழியாக வரும் சரக்கு லாரியை இறக்கினால் அது ஒரு மழைக்குத் தாங்காது. முதலில் மாற்று ரோட்டைப் பலப்படுத்து. தண்ணீர் வடிய ஓடை வெட்டு. ஒரு வாரம் லாரி ஓடி அது தாங்குகிறதா என்று பார். அதற்குப் பிறகு பழைய ரோட்டில் கைவை. இடவப்பாதி மழை ஜூனில் வரும் என்பது கேரளாவில் குழந்தைக்கும் தெரியும். மழை பெய்ததால் வேலை நின்றது என்று சொல்லும் இன்ஜினியராக நீ ஆகிவிடாதே.

இனி உன் சைட்டுக்கு வருவோம். அதை ஒரு டிரைவரின் கண்ணால் பார்க்கச் சொல்கிறேன். பொள்ளாச்சியில் காய்கறி ஏற்றிக்கொண்டு மட்டாஞ்சேரி பஜாருக்கு விடியுமுன் வந்து சேர வேண்டிய லாரி. ராத்திரி இரண்டு மணி. மழை. எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு கண்ணைக் கூசுகிறது. டிரைவருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. இந்த மனிதனுக்காகத்தான் நீ பலகை வைக்கிறாய். எழுத்தை நம்பாதே. மண்வெட்டியோடு குனிந்து நிற்கும் ஆளின் படம், குறுகும் பாதையின் படம், அம்புக்குறி இவையே எல்லாப் பாஷைக்காரருக்கும் புரியும். பலகையில் ஒளி திருப்பும் தாள் சுத்தமாக இருக்க வேண்டும். சிமெண்ட் தூசி படிந்த பலகை ராத்திரியில் இல்லாத பலகைதான். தினமும் சாயங்காலம் ஈரத்துணியோடு ஒரு ஆளை அனுப்பு.

மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடும். டிரைவர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க இரண்டரை நொடி ஆனால் 55 மீட்டர் அதிலேயே போய்விடும். நம் சாலைக் கையேடுகள் அந்த வேகத்துக்கு நிறுத்தும் தூரமாக 120 மீட்டர் வைத்திருக்கின்றன. லோடு லாரி, ஈர ரோடு, தேய்ந்த டயர் என்றால் இன்னும் கூட்டிக்கொள். குழிக்கு இருபது மீட்டர் முன்னால் பலகை வைக்கிறவன் யாரையும் எச்சரிக்கவில்லை. விழப்போகும் இடத்துக்குப் பெயர் எழுதி வைக்கிறான், அவ்வளவுதான்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. எஸ்.பி. 55 என்பார்கள். 2001-இல் வந்தது, 2014-இல் திருத்தினார்கள். சைட் ஆபீஸ் அலமாரியில் இருக்கும், தூசி தட்டிப் படி. வேலை நடக்கும் இடத்தை அது நான்காகப் பிரிக்கிறது. முன்கூட்டி எச்சரிக்கும் தூரம், வண்டிகளைப் பக்கவாட்டில் நகர்த்தும் தூரம், வேலை நடக்கும் இடம், பழைய பாதைக்குத் திருப்பிவிடும் தூரம். எல்லாரும் மூன்றாவதைத்தான் பார்ப்பார்கள். நான் பார்த்த வரை, ஆள் சாவது பெரும்பாலும் முதல் இரண்டு சரியில்லாததால்.

இரண்டாவதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரு லேனை மூடி வண்டிகளைப் பக்கத்து லேனுக்குத் தள்ளும்போது கோன்களைச் சாய்கோடாக வைப்பாய் அல்லவா, அந்தச் சாய்வு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? அமெரிக்கக் கையேட்டில் ஒரு கணக்கு உண்டு. வேகமான ரோட்டில் லேன் அகலத்தை மீட்டரிலும் வேகத்தைக் கிலோமீட்டரிலும் எடுத்துப் பெருக்கி 1.6-ஆல் வகுக்க வேண்டும். மூன்றரை மீட்டர் லேன், 80 கிலோமீட்டர் வேகம் என்றால் 175 மீட்டர். நம்மூரில் பத்து மீட்டருக்குள் நாலு கோனைக் குறுக்கே வைத்துவிட்டு, டிரைவர் குடித்திருந்தான் என்று எழுதுகிறார்கள். இதை நான் பல தடவை பார்த்துக் கோபப்பட்டிருக்கிறேன்.

எஸ்.பி. 55-ஐப் படிக்கும்போது ஒன்றை மனதில் வை. நெரிசலின் வால் ஒரே இடத்தில் நிற்காது. காலையில் உன் சைட்டுக்குப் பின்னால் நூறு மீட்டருக்கு வண்டி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு கிலோமீட்டருக்கு நிற்கும். அப்போது உன் முதல் பலகை அந்த வரிசையின் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். வேகமாக வருகிறவன் பலகையைப் பார்ப்பதற்கு முன் கடைசி வண்டியின் பின்புறத்தைத்தான் பார்ப்பான். ஆகவே வால் நீள நீளப் பலகையும் பின்னால் போக வேண்டும். ஒரு பைக், ஒரு ஆள், மடக்கிப் பிடிக்கும் ஒரு பலகை, சுழலும் விளக்கு இருந்தால் போதும். இதற்குப் பணம் கேள், கொடுக்காவிட்டால் எழுத்தில் கேள்.

தடுப்புக்கும் வேலை இடத்துக்கும் நடுவே கொஞ்சம் வெறும் இடம் விடச் சொல்வார்கள். தடுப்பை உடைத்துக்கொண்டு வரும் வண்டி நிற்பதற்கான இடம் அது. நம் சைட்டுகளில் அங்கேதான் ஜல்லி கொட்டுகிறார்கள், ஜெனரேட்டர் வைக்கிறார்கள், மத்தியானம் ஆட்கள் படுத்துத் தூங்குகிறார்கள். நீ இருக்கும் வரை அங்கே யாரும் படுக்கக் கூடாது. தடுப்புக்குப் பாறாங்கல்லும் வைக்காதே. ராத்திரியில் அது கண்ணுக்குத் தெரியாது, பைக்கில் வந்து மோதுகிறவனை அதுவே கொன்றுவிடும். வேலை முடிந்த பிறகும் அது ரோட்டோரத்தில் கிடக்கும்.

கொடி பிடிக்கும் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் சைட்டில் அவர்கள் வங்காளத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர்களாக இருப்பார்கள். வேறு வேலைக்கு ஆகாதவன் கையில் கொடியைக் கொடு என்பது நம்மவர் வழக்கம். அது மகா தப்பு. லோடு லாரியை நிறுத்தும் அதிகாரத்தை அவன் கையில் கொடுக்கிறாய். எங்கே நிற்பது, எப்போது குதித்து ஓடுவது, எந்தப் பக்கம் ஓடுவது என்று அவன் பாஷையில் சொல்லிக் கொடு. ஒளிரும் சட்டையும் ராத்திரிக்குச் சிவப்பு விளக்குத் தடியும் அவனுக்கு வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்று. ஒரே லேனில் இரண்டு பக்க வண்டிகளையும் மாற்றி மாற்றி விடும்போது, இரண்டு கொடிக்காரர்களும் ஒருவரையொருவர் பார்க்க முடியாவிட்டால் வாக்கிடாக்கி கொடு. அதுவும் இல்லாத காலத்தில் நாங்கள் கடைசி வண்டிக்காரர் கையில் ஒரு கட்டையைக் கொடுத்து அனுப்புவோம். அந்தக் கட்டை மறுமுனைக்கு வந்து சேர்ந்தால்தான் அங்கிருந்து வண்டி விடுவோம். பேட்டரி தீர்ந்துவிட்டால் இன்றைக்கும் அந்தக் கட்டை உதவும்.

தலைக்கு மேல் நடக்கும் வேலையைப் பற்றி எழுதக் கை நடுங்குகிறது. இங்கிருந்து தெற்கே அரூர்–துறவூர் உயர்மட்டச் சாலை கட்டுகிறார்கள். 12.75 கிலோமீட்டர். ஒற்றைத் தூண்கள் நடுவில் எழும்ப, கீழே பழைய நெடுஞ்சாலை ஓடிக்கொண்டே இருக்கிறது. 2025 நவம்பர் 13, விடியற்காலை, சந்திரூரில் கர்டர்கள் கீழே விழுந்தன. அந்த நேரம் முட்டை ஏற்றிக்கொண்டு அந்த வழியாக வந்த பிக்கப் வேன் அடியில் சிக்கியது. டிரைவர் இறந்துபோனார். கர்டரில் வேலை நடக்கும்போது கீழே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் எந்த விதியையும் மீறவில்லை, திறந்திருந்த ரோட்டில் வந்தார். 2023 ஜனவரியில் பெங்களூரில் மெட்ரோ தூணுக்குக் கட்டிய கம்பிக்கூடு சரிந்து பைக்கில் போன தாயும் பிள்ளையும் இறந்ததும் இதே வகைதான். மேலே கனம் தூக்குகிற, இறக்குகிற, நகர்த்துகிற நேரம் முழுக்கக் கீழே ஒரு சைக்கிள்கூடப் போகக் கூடாது. பத்து நிமிஷத்து வேலைதான் என்று யார் சொன்னாலும் ரோட்டை மூடு. மூட அனுமதி கிடைக்காவிட்டால் கர்டரைத் தொட விடாதே.

மூடுவதானால் முன்கூட்டியே சொல்லிவிட்டு மூடு. 2024 அக்டோபரில் தேவரா–குண்டனூர் பாலத்தைத் தார் வேலைக்காக மூடினார்கள். வேலை தேவைதான், நானும் அந்தக் குழிகளில் முதுகு வலிக்கப் போனவன். ஆனால் எங்கள் மேற்குக் கொச்சிக்காரர்களுக்குப் பாலம்தான் உயிர். வண்டிகள் எல்லாம் வெண்டுருத்திப் பாலத்துப் பக்கம் திரும்பின. அப்போது ஸ்கூல் பிள்ளைகளையும் டயாலிசிஸுக்குப் போகிறவர்களையும்தான் நான் நினைத்துக்கொண்டேன். உன் சைட்டைச் சுற்றி எந்த ஸ்கூல், எந்த ஆஸ்பத்திரி, எந்த பஸ் ஸ்டாப் இருக்கிறது என்று இந்த வாரமே நடந்து பார். பஸ் ஸ்டாப்பை நகர்த்தினால் நிற்பதற்கு இடம் கொடு. நடக்கிறவர்களுக்குத் தடுப்புப் போட்ட பாதை கொடு. அதைக் கொடுக்காவிட்டால் அவர்கள் வண்டிகளுக்கு நடுவேதான் நடப்பார்கள். பழைய தாருக்கும் புதிய தாருக்கும் நடுவே உயர வித்தியாசம் விடாதே. காரில் போகிறவனுக்கு அது தெரியாது, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தெரியும்.

சட்டமும் இருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 198-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சாலையைக் கட்டுவதிலும் பராமரிப்பதிலும் பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாமல் யாராவது இறந்தாலோ ஊனமானாலோ அதற்குப் பொறுப்பான அதிகார அமைப்புக்கோ கான்ட்ராக்டருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஒரு உயிருக்கு ஒரு லட்சம் மிகக் குறைவு என்பது என் எண்ணம். ஆனாலும் செலவைக் குறைக்கச் சொல்லும் மேலதிகாரியிடம் பேச அந்தப் பிரிவின் எண்ணை நினைவில் வைத்துக்கொள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ இங்கே வருவதாக அக்கா சொன்னாள். வருவதற்கு முன் ஒரு காரியம் செய். மழை பெய்கிற ஒரு ராத்திரி, பதினொரு மணிக்குமேல், ஹெல்மெட் போட்டுக்கொண்டு உன் சைட்டை பைக்கில் கடந்து போ. திரும்பி எதிர்ப்பக்கமாகவும் ஒருமுறை வா. அந்த ரோட்டையே பார்த்திராத ஆளாக உன்னை நினைத்துக்கொள். எந்தப் பலகை உன்னிடம் பொய் சொன்னது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு வா, உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
மாமா