விமானமோட்டியின் பரீட்சையும் பகுத்துணர்வும்

ஆகாய விமானம் ஓட்டுவோர்க்கு அரசாங்கத்தார் பரீட்சை வைத்தே உரிமை வழங்குகின்றனர். பரீட்சகர் அருகமர்ந்து, இன்னின்ன செய்து காட்டுக என ஏவுவர். குறித்த அளவு பிசகாமற் செய்தவர் தேறுவர். இதனைச் செக் ரைடு என்பர். மற்றொரு சாராரோ, பன்னாள் வானிற் பறந்து பெற்ற அநுபவமே பகுத்துணர்வைத் தரும் என்பர். இவ்விரண்டனுள் எதனை நம்பி ஒருவர் கையில் பல உயிர்களை ஒப்புவிப்பது? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2009-ஆம் ஆண்டு ஒரு மாதத்துக்குள் நிகழ்ந்த இரண்டு விபத்துக்களைக் கொண்டு இதனை ஆராய்வாம்.

ஜனவரி 15-ஆம் நாள், நியூயார்க் நகரின் லகார்டியா நிலையத்தினின்று எழுந்த விமானத்தின் இரு எஞ்சின்களும், பறவைகள் மோதியதால், ஏறக்குறைய 2,800 அடி உயரத்தில் வலியிழந்தன. அந்நிலைக்கென வைத்திருந்த விதிப்பட்டியோ 20,000 அடிக்கு மேல் எஞ்சின்கள் நின்றாற் செய்யத்தக்கவற்றைக் கருதி எழுதப்பட்டது. அதனைப் படித்து முடிக்கவும் அவகாசமில்லை. தலைவர் ஸல்லன்பர்கர் 19,000 மணிக்கு மேற் பறந்தவர். மின்சாரம் தரும் துணை எஞ்சினை, பட்டியில் அதன் முறை வருமுன்னரே இயக்கினார். நிலையத்துக்குத் திரும்பவியலாதென்று துணிந்து ஹட்ஸன் நதியில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தனர். பின்னர்ச் சிமுலேட்டர் என்னும் போலி விமான அறையில் இந்நிகழ்ச்சியை மீண்டும் நடத்தியபோது, பறவை மோதியவுடனே திரும்பியவர்களுட் சிலர் நிலையத்தை அடைந்தனர். நிலைமையை உணர 35 விநாடி கழித்துத் திரும்பியபோது அடையவியலவில்லை. நேரப்போவதை முன்னறிந்து அமர்ந்தவர்க்கு அந்த 35 விநாடி வேண்டுவதில்லையன்றோ!

பிப்ரவரி 12-ஆம் நாள் இரவு, பஃபலோ நகருக்கருகே கால்கன் கம்பெனியின் விமானம் ஒரு வீட்டின்மேல் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டனர். வேகம் குன்றி இறக்கைகள் விமானத்தைத் தாங்கமாட்டாத நிலையை ஸ்டால் என்பர். அது நெருங்கும்போது ஓட்டுந்தண்டு தானே நடுங்கி எச்சரிக்கும். உடனே மூக்கைத் தாழ்த்துதல் முறை. தலைவரோ தண்டைத் தம்பால் இழுத்தார். அவர் பல பரீட்சைகளில் முதலில் தவறிப் பின்னர்த் தேறியவர் என்பது விசாரணையில் வெளியாயிற்று.

இதன்பின் அமெரிக்கச் சட்டசபை 2010-இற் சட்டமியற்றிற்று. 2013 முதல், பிரயாணிகளை ஏற்றும் பெருங்கம்பெனிகளில் துணை ஓட்டியும் பொதுவாக 1,500 மணி பறந்திருத்தல் வேண்டும் என்றாயிற்று. ஆனால் அவ்விமானத்தின் தலைவர் 3,379 மணியும் துணை ஓட்டி 2,244 மணியும் பறந்தவர்கள்! இச்சட்டம் முன்னரே இருந்திருப்பினும் இருவரையும் தடுத்திராது. மணியை எண்ணுதல் எளிது. ஆதலின் சட்டம் அதனைப் பற்றிக்கொண்டது போலும்.

எமக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அந்நாளிற் சிமுலேட்டரில் ஸ்டால் பயிற்சி நடந்தபோது, இப்பொழுது அது வரும் என்று முன்னறிவித்தே தொடங்குவர். உயரம் கூடியவரை குறையாமல் மீள்வதே தேர்ச்சிக்கு அளவு. வினாத்தாள் வருமுன் வினாக்களை ஊகிக்கும் கலையில் வல்ல நம் மாணவர்க்கு இதன் விளைவைச் சொல்லவேண்டுவதில்லை. உயரம் இழப்பது தவறென்று பழகிய கை, மூக்கைத் தாழ்த்தத் தயங்கும். அத்தலைவர் தண்டை இழுத்ததற்கு இதுவே காரணமென்று யாம் துணியமாட்டோம். எனினும், எதிர்பாராது வரும் ஸ்டாலுக்கு அப்பயிற்சி போதாதென்று விசாரணையாளரும் கண்டனர். 2012-இல் விமானத் துறையார், உயரத்தைப் பற்றிய அளவை விடுத்து, மூக்கைத் தாழ்த்துதலே முதற்கடன் என்று அறிவுறுத்தினர். 2019 முதல் கம்பெனி ஓட்டிகள் சிமுலேட்டரில் முழு ஸ்டாலினின்றும் மீளப் பயிலவேண்டுமென்றும் விதித்தனர்.

1970-ஆம் ஆண்டுகளிலிருந்து வழங்கும் மற்றொரு பயிற்சியை யாம் மிகவும் மதிக்கின்றோம். ஓட்டிகள் சிமுலேட்டரில் ஒரு முழுப் பிரயாணத்தை நடத்துவர். இடையில் ஏதேனும் பழுது அறிவிப்பின்றி வரும். ஆசிரியர் குறுக்கிடார், தேறினார், தவறினார் என்னும் தீர்ப்புமில்லை. இறங்கிய பின்னர் எல்லோரும் ஒருங்கமர்ந்து, இவ்விடத்தில் ஏன் இவ்வாறு துணிந்தீர் என்று ஒருவரையொருவர் வினவுவர்.