கால்கள் ஓய்ந்த பிறகு கிடைத்த வேலை

1954 ஜனவரி. வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் இளம் மருத்துவர்கள் சிலர் சென்ற வண்டி வழியில் கவிழ்ந்தது. அதில் இருந்த டாக்டர் மேரி வர்கீஸுக்கு முதுகுத்தண்டில் பலத்த அடி; இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போயிற்று. கொச்சியில் பிறந்து வேலூரில் படித்தவர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை.

இப்படி ஒன்று நடந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் "கர்த்தர் இதிலும் ஒரு நோக்கம் வைத்திருப்பார்" என்பார்கள். விசுவாசிக்கு அது பொய்யல்ல. ஆனால் படுத்திருப்பவரின் கேள்வி வேறு: நாளை காலையிலிருந்து நான் என்ன செய்வது?

மேரிக்கு அந்தக் கேள்விக்கான விடை டாக்டர் பால் பிராண்டிடமிருந்து வந்தது. தொழுநோயால் நரம்பு பாதித்து விரல்கள் மடங்கிப்போனவர்களுக்கு, நன்றாக இயங்கும் தசைநாண் ஒன்றை இடம் மாற்றித் தைத்து விரலை நிமிர்த்தும் சிகிச்சையை அவர் வேலூரில் செய்துவந்தார். கையில் செய்யும் அறுவைக்கு மருத்துவர் நிற்க வேண்டியதில்லை, உட்கார்ந்தே செய்யலாம். மேரி சக்கர நாற்காலியோடு ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார். முடங்கிய கைகளை இயங்க வைப்பவராக, நடக்க முடியாத ஒரு மருத்துவர்!

அதோடு நிற்கவில்லை. நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று, 1963இல் திரும்பி அந்தத் துறையின் தலைவரானார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. இன்று அதற்கு அவர் பெயர்தான். 1972இல் பத்மஸ்ரீ. நோயாளிகளிடம் சொந்த அனுபவத்தோடு பேச அவரால் முடிந்தது. சக்கர நாற்காலியில் இருப்பவர் அவ்வப்போது கைகளை ஊன்றி உடம்பைச் சற்றுத் தூக்காவிட்டால் புண் வந்துவிடும். இதைப் புத்தகத்தில் படித்த மருத்துவர் சொல்வது ஒரு விதம். அப்படித் தூக்கித் தூக்கியே நாளை ஓட்டும் மருத்துவர் சொல்வது வேறு விதம்.

இந்த வரிசையைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒழுங்காகத் தெரிகிறது. 1954இல் படுக்கையிலிருந்து பார்த்தவருக்கு 1966 தெரிந்திருக்க வழியில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்த அடி மட்டும்தான். கஷ்டகாலத்தில் நம்பிக்கை என்பது பெரும்பாலும் இவ்வளவே: முழுத் திட்டமும் கைக்கு வரட்டும் என்று காத்திராமல், இன்றைக்கு முடிகிற வேலையைக் கையில் எடுப்பது.

முறையிடுவதும் அவிசுவாசமல்ல. 88ஆம் சங்கீதத்தில் ஆரம்பம் முதல் கடைசிவரை புலம்பல்தான். ஆறுதலான முடிவே கிடையாது. அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள். ஜெபத்தில் கோபமோ கண்ணீரோ வந்தால் மென்று விழுங்க வேண்டியதில்லை.

உதவி கேட்பதிலும் தயக்கம் வேண்டாம். யோசேப்பு பதினேழு வயதில் விற்கப்பட்டு, முப்பது வயதில் பார்வோன் முன் நின்றான். இடையில் சிறையில் இருந்தபோது, விடுதலையாகிப் போகும் பானபாத்திரக்காரனிடம் "என்னைப் பற்றி மன்னரிடம் சொல்" என்று கேட்டுக்கொண்டான். அவன் மறந்தே போனான். இரண்டு வருடம் ஓடிற்று. கேட்டதற்காக யோசேப்பின் விசுவாசம் குறைந்துவிடவில்லை. வங்கியில் தவணைக்கு அவகாசம் கேட்பதும், மனநல மருத்துவரைப் பார்ப்பதும் அப்படித்தான்.

எல்லாருக்கும் ஒரு பாகாயம் எழும்பும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. டோனாவூரில் குழந்தைகளைக் காத்த ஏமி கார்மைக்கேல் 1931இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்தார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்தான்; குணமாகவே இல்லை. அந்த அறையிலிருந்துதான் ஒன்றன்பின் ஒன்றாகப் புத்தகங்கள் எழுதினார்.

ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கும் ஒன்று. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் வம்பு. தேவனுடைய நோக்கத்தை விளக்கும் பொறுப்பை அவரிடமே விட்டுவிட்டு, அந்த வீட்டுக் கரண்ட் பில்லைக் கட்டலாம், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வரலாம், ஆஸ்பத்திரியில் ஓர் இரவு துணைக்கு இருக்கலாம்.