கடற்கரை மணலிற் கோடைக் கீரை

1942-ஆம் வருஷத்தில் பர்மா அரிசி வரவு நின்றபோது, ‘அதிக உணவு விளைவிப்போம்’ என்னும் இயக்கம் தொடங்கிற்று. யுத்தமுனைக்குப் பிள்ளைகளை அனுப்பியிருந்தோர்க்கும் வீட்டுக்கொல்லை அன்று ஒரு கடமையாயிற்று. இந்நாளில் என் மகன் எல்லைக்காவலில் இருக்கிறான். இக்கோடையிற் சாந்தோமில் என் கொல்லையிற் செய்து கண்டதைக் குடியானவர்களுக்குத் தெரிவிக்கிறேன்.

கடற்கரை மணல் நீரை நிறுத்தாது. உப்புக்காற்று இளந்தளிரைக் கருக்கும். ஆதலால் ஆறடி நீளமும் மூன்றடி அகலமுமுள்ள பாத்திக்கு இரண்டு கூடை ஏரிவண்டலும், ஒரு கூடை மக்கிய தொழுவுரமும் இட்டுக் கொத்த வேண்டும். கடற்புறத்தில் தென்னங்கீற்றுத் தட்டி கட்டுக. முளைக்கீரை விதையை மணலோடு கலந்து தூவி, காலை மாலை பூவாளியால் நீர் தெளிக்க. உச்சிவேளையில் நீர் வார்த்தலாகாது. ஏறக்குறைய 25 நாளிற் கீரை பதமாகும். பத்து நாள் சென்றால் தண்டு முற்றிவிடும்.

ஆகவே, ஒரே நாளில் முழுதும் விதைத்தல் தவறு. நான்கு பாத்திகளைப் பத்து நாள் இடைவிட்டு விதைத்து, பறித்த பாத்தியை உடனே எருவிட்டு மறுபடி விதைக்க வேண்டும். வீட்டுக்குக் கீரை இடையறாது கிடைக்கும்.

என் மகனுக்கு முளைக்கீரை மிகவும் பிரியம். விடுப்பு எந்நாளிற் கிடைக்குமென்பது அவனுக்கே தெரியாது. எந்நாளில் வந்தாலும் ஒரு பாத்தி பதமாயிருக்கும்.