பட்டாம்பூச்சிக்கு வீடு வேண்டுமா, செடி வேண்டுமா?



களிமண்ணைப் பிசைந்து, வார்த்து, காயவைத்து, சூளையில் சுட்டு, கிளேஸ் பூசி அழகு பார்ப்பது நம்முடைய படிப்பு. பீங்கான் படிக்கிற மாணவன் பட்டாம்பூச்சியைப் பற்றி எழுத வேண்டிய அவசியம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவசியம் இருக்கிறது.

வெளிநாட்டுத் தோட்டக் கடைகளில் 'பட்டாம்பூச்சி வீடு' என்று ஒரு பெட்டியும், 'பட்டாம்பூச்சி விருந்துத் தட்டு' என்று ஒரு தட்டும் விற்கிறார்கள். நம் ஊர்களிலும் இப்போது வீட்டுத் தோட்டம், மாடித் தோட்டம் என்று மக்களுக்கு ஆசை வந்திருக்கிறது. இதைப் பார்க்கிற எந்த விருத்தாசலத்து மாணவனுக்கும், "அட, இதை நம்ம களிமண்ணிலேயே பண்ணி வித்துடலாமே!" என்று தோன்றத்தான் செய்யும். தோன்றட்டும், தவறில்லை. ஆனால் ஒரு பொருளைச் செய்வதற்கு முன் அதை உபயோகிக்கப் போகிறவரின் தேவையைத் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? பணம் கொடுப்பவர் மனிதர். உபயோகிக்க வேண்டியதோ பட்டாம்பூச்சி. அதற்கு என்ன வேண்டும் என்று பார்ப்போம்.

வீடு என்னும் பெட்டி

முதலில் அந்த வீட்டையே எடுத்துக்கொள்வோம். உயரமான மரப்பெட்டி. முன்பக்கம் நெடுக்குவாட்டில் சில குறுகிய பிளவுகள். குளிர் நாடுகளில் சில வகைப் பட்டாம்பூச்சிகள் பனிக்காலம் முழுவதும் மரப்பட்டை இடுக்கிலும் விறகு அடுக்கிலும் அசையாமல் ஒடுங்கிக் கிடந்து, வெயில் வந்ததும் வெளியே பறக்கின்றன. அந்த இடுக்கைப் போலச் செய்ததுதான் இந்தப் பெட்டி. அங்கேயே இதில் குடியேறுவது பெரும்பாலும் சிலந்தியும் குளவியும்தான்.

நம் கடலூர் மாவட்டத்தில் பனிக்கு ஒடுங்க வேண்டிய நிலையே கிடையாது. இதே பெட்டியைக் களிமண்ணில் செய்து சித்திரை வெயிலில் வைத்தால் அது வீடாக இருக்காது, சூளையாகத்தான் இருக்கும்! நம் பட்டாம்பூச்சிகள் இரவிலும் மழையிலும் இலையின் அடிப்பக்கத்திலும், புதருக்குள்ளும், காய்ந்த குச்சி நுனியிலும் தொங்கி இளைப்பாறுகின்றன. ஆகவே அவற்றுக்கு நாம் தரக்கூடிய உண்மையான வீடு ஓர் உயிர்வேலி. கொல்லை மூலையில் வெட்டாமல் விட்ட ஒரு புதர் போதும். இதற்கு அச்சும் வேண்டாம், சூளையும் வேண்டாம்.

இலையே தொட்டில்

பட்டாம்பூச்சி பூவைத் தேடி வருகிறது என்று நாம் சின்ன வயதிலிருந்து படித்திருக்கிறோம். அது பாதி உண்மைதான். பூவுக்கு வருவது பசியாறத்தான். குடும்பம் நடத்த அது தேடுவது இலையை. முட்டையிலிருந்து வருகிற புழு எல்லா இலையையும் தின்னாது. ஒவ்வொரு வகைக்கும் குறிப்பிட்ட சில செடிகள்தான் உணவு. தாய்ப்பூச்சி இலைமேல் உட்கார்ந்து முன்னங்கால்களால் தட்டித் தட்டிப் பார்க்கும். அதன் காலிலேயே சுவை அறியும் உறுப்புகள் இருக்கின்றன. சரியான செடி என்று தெரிந்தால்தான் முட்டை வைக்கும்.

நம் பக்கத்தில் சுலபமாகக் கிடைக்கும் செடிகளையும், அவற்றை நம்பி வாழும் பட்டாம்பூச்சிகளையும் கீழே தருகிறேன்.

1. எலுமிச்சை, கறிவேப்பிலை: எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி.

2. எருக்கு: வெந்தய வரியன். எருக்கம்பாலில் உள்ள நஞ்சைப் புழு தன் உடம்பிலேயே சேர்த்துக்கொள்வதால், பறவைகள் இந்தப் பூச்சியைத் தொட யோசிக்கும்.

3. ஆடுதீண்டாப்பாளை: உரோசா அழகி, சிவப்புடல் அழகி. பெயருக்கேற்றபடி ஆடு தொடாத செடி. இதன் நஞ்சும் பூச்சிக்குக் கவசமாகிறது.

4. சரக்கொன்றை: கொன்னை வெள்ளையன்.

5. அரளி: வெண்புள்ளிக் கருப்பன். வெள்ளிக் கம்மல் போல மின்னும் கூட்டுப்புழுவை அரளி இலையின் அடியில் பார்க்கலாம்.

6. நெட்டிலிங்கம்: கறுப்புச் சிறகில் பச்சைப் புள்ளிகளுடன் ஓயாமல் படபடக்கும் ஒரு வகை இதில் வளர்கிறது. பள்ளி, ஆஸ்பத்திரி வளாகங்களில் வரிசையாக நிற்கும் மரம்தானே, அண்ணாந்து பாருங்கள்.

7. மா, முந்திரி: பழுப்பு நிறத்தில் ஒரு வகை. இதன் புழு பச்சையாக, இருபுறமும் இறகு போன்ற முட்களோடு இலையின் நடு நரம்பின்மேல் படுத்திருக்கும். கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது.

இந்தக் கடைசி வரி நமக்கு முக்கியம். விருத்தாசலம், பண்ருட்டி வட்டாரமே முந்திரிக்காடு அல்லவா!

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். கறிவேப்பிலை அழகியின் புழு விஷச்செடி எதையும் தின்பதில்லை. ஆனால் அதன் பெண்பூச்சிகளில் சில, உரோசா அழகியைப் போலவும் சிவப்புடல் அழகியைப் போலவும் வேஷம் போட்டுப் பறக்கின்றன. விஷப்பூச்சி என்று நினைத்துப் பறவை விலகிப்போய்விடும். தெருக்கூத்து வேஷக்காரர் தோற்றார் போங்கள்!

எருக்கும் அரளியும் நஞ்சுள்ளவை என்பதையும் மறக்க வேண்டாம். எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. சிறு குழந்தைகள் விளையாடும் இடத்தில் இவற்றை வைக்காதீர்கள்.

புழுவா, அழகியா?

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பட்டாம்பூச்சி எல்லோருக்கும் வேண்டும், புழுதான் யாருக்கும் வேண்டாம்!

எங்கள் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலைக் கன்றில் புழு விழுந்தபோது அம்மா, "ஏன்டா, குழம்புக்குத் தாளிக்க ஒரு கொத்து மிஞ்சல. மருந்து வாங்கி அடிடான்னா உக்காந்து வேடிக்கை பாக்குற!" என்று சத்தம் போட்டார்கள். அம்மா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எலுமிச்சை நாற்றங்காலில் இந்தப் புழுவைப் பூச்சித் தொல்லையாகத்தான் விவசாயிகள் கருதுகிறார்கள். சின்னக் கன்றாக இருந்தால் மொட்டையடித்துவிடும். அதனால் நாங்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். தொட்டியில் இன்னொரு கறிவேப்பிலைக் கன்று வைத்தோம். பெரிய செடி சமையலுக்கு, தொட்டிச்செடி புழுவுக்கு. பெரிய செடியில் தென்படும் புழுவை இலையோடு எடுத்துத் தொட்டிக்கு மாற்றிவிடுவது என் வேலை. மருந்து இரண்டுக்கும் கிடையாது.

பிறகு நடந்ததைத் தினமும் கவனித்தேன். இளம்புழு பார்ப்பதற்குக் காக்கை எச்சம் போலவே இருந்தது; கறுப்பும் வெள்ளையுமாகக் கிடக்கும் அதை எந்தக் குருவியும் சீண்டாது. சில முறை தோலுரித்த பிறகு பச்சை நிறமாக மாறியது. குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு கவட்டைக் கொம்பை நீட்டி, நெடி வீசிப் பயமுறுத்தியது. பிறகு ஒரு குச்சியில் இடுப்பைப் பட்டுநூலால் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆனது. முட்டையிலிருந்து சிறகு விரிப்பது வரை ஏறத்தாழ ஒரு மாதம். எல்லாப் புழுவும் பிழைப்பதில்லை. குருவி, ஓணான், கும்பிடுபூச்சி, புழுவுக்குள் முட்டையிடும் பொடிக்குளவி என்று எதிரிகள் பலர். அவர்களே கணக்கை நேராக்கிவிடுகிறார்கள். நாம் மருந்தடித்தால் அந்தப் பொடிக்குளவியும் சேர்ந்துதான் சாகும்.

மருந்து என்றதும் ஒரு எச்சரிக்கை. "இயற்கை மருந்துதானே" என்று வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தாலும், பாக்டீரியாப் பொடி தெளித்தாலும், பட்டாம்பூச்சிப் புழுவும் புழுதான். அதற்கும் அதே கதிதான். அசுவினி வந்தால் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். பெரும்பாலும் அது போதும்.

விருந்துத் தட்டு: இங்கேதான் நம் தொழில்

வீடு வேண்டாம் என்று சொன்னேன். தட்டு விஷயம் அப்படியல்ல. அதைச் சரியாகச் செய்ய நம்மைவிடத் தகுதியானவர் யார்? இதில் இரண்டு வகைத் தட்டுகள் உண்டு.

முதலாவது உப்புத் தட்டு. மழை ஓய்ந்ததும் ஈரமண்ணில் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அவை ஆண்பூச்சிகள். பூந்தேனில் சர்க்கரை இருக்கிறது, சோடியம் மிகக் குறைவு. மண்ணீரில் கிடைக்கும் அந்தச் சோடியத்தை ஆண்பூச்சி சேர்த்து, இணையும்போது பெண்ணுக்குக் கொடுக்கிறது. அது முட்டைக்குப் போய்ச் சேருகிறது.

இதற்கு வேண்டிய தட்டு கிளேஸ் இல்லாத, பிஸ்கட் சூடு மட்டும் கண்ட செம்மண் தட்டு. போர்சலினில் நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கும் கீழே. சாதாரணச் சுட்ட மண்ணில் அது 10 சதவீதத்தையும் தாண்டும். இன்சுலேட்டருக்கு ஆகாத அந்தக் குணம்தான் இங்கே மூலதனம். தட்டில் ஆற்று மணலும் கொஞ்சம் தோட்ட மண்ணும் போட்டு, ஒரு சிட்டிகை உப்பு கலந்த தண்ணீரை மணல் நனையும் அளவுக்கு ஊற்றுங்கள். மண்ணின் நுண்துளை வழியே நீர் ஏறி விளிம்பில் ஆவியாகும்போது உப்பு வெள்ளையாகப் பூக்கும். வகுப்பில் நாம் இதை 'ஸ்கம்மிங்' என்று குறையாக எழுதி மார்க் வாங்குகிறோம். பட்டாம்பூச்சிக்கு அதுவே விருந்து! உப்பு பூத்துப் பூத்துத் தட்டின் மேல்தோல் நாளடைவில் உதிரத் தொடங்கும். அப்போது வேறு தட்டு மாற்ற வேண்டியதுதான்.

ஆனால் ஒன்று: உப்புப் பூக்காமல் இருக்கப் பேரியம் கார்பனேட் சேர்த்த களிமண்ணை இதற்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அது கரையும் சல்பேட்டைக் கரையாததாக மாற்றுவது உண்மைதான். ஆனால் அது விஷம்.

இரண்டாவது பழத்தட்டு. இதற்கு நுண்துளை ஆகாது. பழச்சாறு உள்ளே ஊறிப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே கிளேஸ் பூசிய, கழுவினால் சுத்தமாகிற தட்டு வேண்டும். ஈயம் கலந்த பிரிட் வேண்டாம். பழத்தின் புளிப்பு ஈயத்தைக் கரைத்து இழுக்கும். கனிந்து அழுகத் தொடங்கிய வாழை, சப்போட்டா, பலாச்சுளை இவற்றை வையுங்கள். மார்ச் முதல் மே வரை முந்திரித் தோப்பில் கொட்டை திருகிய பழம் தரையில் கிடந்து வீணாகிறதே, அதைவிட மலிவான விருந்து எது? முந்திரியில் வளரும் பழுப்புப் பூச்சியும், காய்ந்த இலை போல் அந்தியில் பறக்கும் வகையும் இப்படிப்பட்ட பழச்சாற்றைத்தான் நாடும். சர்க்கரைத் தண்ணீர் வைப்பதானால் பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சர்க்கரை போதும். பூச்சி மூழ்காமல் உட்காரக் கூழாங்கல் போடுங்கள். நம் வெயிலுக்குத் தினமும் மாற்றிவிட வேண்டும்.

எறும்புக்கு என்ன செய்வது? நம் பாட்டிமார் கண்டுபிடித்த வழிதான். அகலமான தாம்பாளத்தில் தண்ணீர், நடுவே கவிழ்த்த கோப்பை, அதன் மேல் பழத்தட்டு. சூளையிலிருந்து கோணலாக வந்த செகண்ட்ஸ் கோப்பைகளுக்கும் இப்படி ஒரு வாழ்வு கிடைக்கும்.

பூவும் வழிப்போக்கரும்

பூச்செடிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இட்லிப்பூ, துலுக்கச் சாமந்தி, நித்தியகல்யாணி வையுங்கள். புல்தரையில் தானாக முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டைக் களை என்று பிடுங்காதீர்கள். சின்னப் பூச்சிகளுக்கு அதுதான் டீக்கடை. உண்ணிச்செடிக்குப் பூச்சிகள் வந்தாலும், அது காட்டையே வளைக்கிற அந்நியச் செடி என்பதால் புதிதாக வைக்க வேண்டாம்.

கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் தனி ரகம். நீல வரியன் போன்றவை இவற்றின் வாடிய செடியைச் சுரண்டி ஒருவகை ரசாயனத்தை எடுத்துக்கொள்கின்றன. பெண்ணைக் கவரும் வாசனையை ஆண்பூச்சி இதிலிருந்துதான் தயாரிக்கிறது. வரியன்களும் கருப்பன்களும் பருவமழையை ஒட்டிச் சமவெளிக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே கூட்டம் கூட்டமாக வலசை போகின்றன. அந்த நீண்ட வழியில் நம் கொல்லையும் ஒரு சத்திரம்.

பெரிய இடத்துப் பாடம்

பெங்களூர் அருகே பன்னர்கட்டாவில் 2006-ல் பட்டாம்பூச்சிப் பூங்கா திறந்தார்கள். திருச்சி ஸ்ரீரங்கம் அருகே மேலணைக் காட்டில் 2015-ல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. ஸ்ரீரங்கம் போகிறவர்கள் தேன் செடி, புழுச்செடி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கவனித்துப் பாருங்கள். 2019-ல் நம் மாநிலப் பட்டாம்பூச்சியாகத் 'தமிழ் மறவன்' அறிவிக்கப்பட்டது. ஆனால் அவன் மலைக்காட்டுக்காரன். அவனுடைய புழுவுக்கு வேண்டிய மரம் அங்கேதான் இருக்கிறது. நாம் எத்தனை தட்டு வைத்தாலும் விருத்தாசலத்துக்கு வரமாட்டான். இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்: இலை இருக்கும் இடத்தில்தான் சிறகு இருக்கும்.

நிறைவாக

தோழர்களே, நாளை நம்மில் பலர் சிறுதொழில் தொடங்குவோம். பட்டாம்பூச்சி குடியேறாது என்று தெரிந்தும் அழகான ஒரு மண்பெட்டியைச் செய்து விற்றால் பணம் வரலாம். வாங்கியவர் வீட்டில் அது சிலந்தி வலையோடு கிடக்கும். அதற்குப் பதில் உப்புத் தட்டு ஒன்று, பழத்தட்டு ஒன்று, கூடவே ஒரு சின்ன மண்தொட்டியில் கறிவேப்பிலைக் கன்று ஒன்று என்று சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். "மருந்து அடிக்காதீர்கள், புழு வந்தால் பயப்படாதீர்கள்" என்று ஒரு சீட்டும் கட்டிவிடுங்கள். வாங்கியவர் ஏமாறமாட்டார். பூச்சியும் ஏமாறாது.

விடுதியில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். ஜன்னல் ஓரம் ஒரு தொட்டியில் எலுமிச்சை விதை ஊன்றுங்கள். டிப்ளமோ முடிவதற்குள் உங்கள் கண் முன்னே சில சிறகுகளாவது விரியும்.

செய்து பாருங்கள், நண்பர்களே!

— இறுதியாண்டு மாணவன், பீங்கான் தொழில்நுட்பப் பிரிவு