பழைய மோட்டார் வண்டியில் பாட்டரிக்கு மின்சாரம் ஏறாத குறையைக் கண்டறிதல்

பழைய மோட்டார் வண்டி வைத்திருக்கும் குடியானவர்களில் அநேகர், காலையில் வண்டி கிளம்பாவிட்டால் உடனே பாட்டரியின்மேல் பழியைப் போட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறார்கள். சில வாரங்களுக்குள் அதுவும் முன்போலவே சோர்ந்துவிடுகிறது. குறை வேறிடத்தில் இருக்கும்போது பாட்டரியை மாற்றுவதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. பணம் வீணாவதுடன் அவசர வேளையில் வண்டி உதவாமலும் போகிறது. ஆகையால், குறை எங்கே என்பதை முதலில் நிச்சயித்துக்கொண்டு, அதன்பின்னரே செலவில் இறங்க வேண்டும்.

இராமநாதபுரம் ஜில்லாவிலுள்ள நயினார்கோவில் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவ மழையையும் கண்மாய்த் தண்ணீரையும் நம்பி இங்கே நெல் விளைவிக்கப்படுகிறது. மிளகாயும் பருத்தியும் உண்டு. விதை, உரம் வாங்கவும், விளைபொருளின் மாதிரியை வியாபாரியிடம் காட்டவும் பரமக்குடிக்கோ இராமநாதபுரத்துக்கோ போய்வர வேண்டியிருக்கிறது. அம்பாஸிடர் வண்டியின் உற்பத்தி 2014-ம் வருஷம் மே மாதத்தில் உத்தரபாராத் தொழிற்சாலையில் நின்றுவிட்டதெனினும், பழுது பார்க்க எளிதாக இருப்பதால் அதை வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. நள்ளிரவில் பிரசவ வேதனைப்படும் ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய சமயத்தில் அவ்வண்டி கிளம்ப மறுத்தால் நேரும் கஷ்டத்தை விவரிக்க வேண்டியதில்லை.

கண்மாயும் பாட்டரியும்

மோட்டார் வண்டியின் மின்சார ஏற்பாட்டைக் குடியானவர்கள் கண்மாயைக்கொண்டு எளிதில் அறியலாம். பாட்டரி என்பது கண்மாய். டைனமோ அல்லது ஆல்ட்டர்னேட்டர் என்னும் மின்னாக்கி, வரத்துக்கால். விளக்குகளும் ஸ்டார்ட்டர் மோட்டாரும், மடையைத் திறந்து தண்ணீர் பாய்ச்சும் வயல்கள். கண்மாய் வற்றினால் அதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாகவே இருக்கும்: வரத்துக்கால் தூர்ந்திருக்கலாம், கண்மாயே மேடிட்டுக் கொள்ளளவு குறைந்திருக்கலாம், அல்லது மடை பழுதாகி இரவெல்லாம் தண்ணீர் கசிந்திருக்கலாம். வரத்துக்கால் தூர்ந்திருக்கையில் கரையை உயர்த்திக் கட்டுவோர் ஒருவரும் இலர். ஆனால் மோட்டார் வண்டி விஷயத்தில் இத்தவறே பெரும்பாலும் நடக்கிறது.

முதலில் கண்ணும் கையும்

கருவி எடுப்பதற்கு முன் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, பாட்டரியின் இரு முனைகள். அங்கே வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மின்சாரம் தடைப்படும். முனைகளைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, பளபளப்பாகத் தேய்த்து, இறுக மாட்டி, மேலே வாஸலின் தடவ வேண்டும். கழுவும் நீர் பாட்டரியின் உள்ளே இறங்காதபடி மூடிகள் இறுகியிருத்தல் அவசியம். இராமேசுவரக் கரைக்கு அடிக்கடி போய்வரும் வண்டிகளில் உப்புக் காற்றினால் இக்குறை சீக்கிரம் உண்டாகும்.

இரண்டாவது, பாட்டரியிலிருந்து வண்டியின் உடலுக்கும், உடலிலிருந்து எஞ்சினுக்கும் செல்லும் எர்த் பட்டைகள். இவை துருவேறியிருப்பினும் தளர்ந்திருப்பினும் பலவிதக் கோளாறுகள் தோன்றும்.

மூன்றாவது, மின்னாக்கியைச் சுழற்றும் பெல்ட். இரு கப்பிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அமுங்க வேண்டும். அதற்கு மேல் அமுங்கினாலும், முன்விளக்கு ஏற்றியவுடன் கிறீச்சென்று சப்தமிட்டாலும், பெல்ட் வழுக்குகிறதென்று கொள்ளலாம். பணச் செலவின்றி இறுக்கிச் சரிப்படுத்தக் கூடிய குறை இது.

கண்மாயை அளத்தல்

மேற்கண்டவற்றைச் சரிப்படுத்தியபின் ஒரு வோல்ட்மீட்டர் வேண்டும். சொற்ப விலைக்குக் கிடைக்கும் மல்டிமீட்டரே போதும். வண்டி ஓர் இரவு முழுவதும் ஓய்ந்து நின்றபின், எஞ்சினைக் கிளப்பாமல் பாட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட் காட்டினால் பாட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 ஆனால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழ் போனால் வற்றியதாகவே மதிக்கலாம்.

வற்றியிருப்பதைக்கொண்டே பாட்டரி கெட்டதென்று தீர்ப்புச் சொல்லலாகாது. வெளியே கொடுத்து முழுவதும் மின்சாரம் ஏற்றிய பிறகு, ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளிலும் உள்ள திராவகத்தின் அடர்த்தியைப் பார்க்க வேண்டும். நிறைந்த அறை சுமார் 1.250 முதல் 1.280 வரை காட்டும். ஐந்து அறைகள் ஒத்திருந்து ஒன்று மட்டும் 0.050 அளவு தாழ்ந்திருந்தால் அவ்வறை கெட்டுவிட்டது. அப்பொழுதே புதிய பாட்டரி வாங்குவது நியாயம். மூடி திறக்க இயலாத பாட்டரியானால், ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது வோல்ட்மீட்டரைக் கவனிக்கலாம். முழுவதும் ஏற்றியும் 9.5-க்குக் கீழே விழுந்தால் பாட்டரி பலவீனமானது.

இங்கே ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். கோடையில் திராவகத்திலுள்ள நீர் விரைவில் குறையும். அதை நிரப்பக் கிணற்று நீரை ஊற்றவே கூடாது. இந்த ஜில்லாவில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவராக இருப்பதை யாவரும் அறிவர். அந்த உப்பு, ஈயத் தகடுகளை அரித்துவிடும். காய்ச்சி வடித்த வாலை நீரையே, தகடுகள் மூழ்கிச் சற்றே மேலெழும் அளவுக்கு ஊற்ற வேண்டும். திராவகத்தை மேலும் சேர்த்தல் கூடாது.

வரத்தைச் சோதித்தல்

எஞ்சினைக் கிளப்பி, மிதமான வேகத்தில் ஓடவிட்டு, பாட்டரியின் முனைகளில் மறுபடி பார்க்க வேண்டும். ஆல்ட்டர்னேட்டர் உள்ள வண்டியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருத்தல் சரி. முன்விளக்குகளை ஏற்றியும் 13-க்குக் கீழ் இறங்கலாகாது. 15-க்கு மேல் சென்றால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அது திராவகத்தைக் கொதிக்கவைத்துப் பாட்டரியைச் சீக்கிரம் அழித்துவிடும்.

எஞ்சின் ஓடும்போதும் 12.5 அளவிலேயே நின்றால் வரத்து இல்லை. முதலில் சிவப்பு எச்சரிக்கை விளக்கைக் கவனிக்க வேண்டும். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியைத் திருப்பினால் அது எரிய வேண்டும். கிளம்பியபின் அணைய வேண்டும். ஆல்ட்டர்னேட்டர் முதலில் உயிர்பெறுவதற்கான சிறு மின்சாரம் பெரும்பாலும் இவ்விளக்கின் வழியாகவே செல்வதால், பல்பு எரிந்துபோனாலே மின்சாரம் உற்பத்தியாகாமல் நின்றுவிடக்கூடும்.

அடுத்து, ஆல்ட்டர்னேட்டரின் பெரிய முனையிலும் பாட்டரியின் முனையிலும் தனித்தனியே அளந்து ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இடையேயுள்ள கம்பியிலோ அதன் முனையிலோதான் குறை.

மிகப் பழைய வண்டிகளில் ஆல்ட்டர்னேட்டருக்குப் பதிலாக டைனமோவும், தனியாக ஒரு ரெகுலேட்டர் பெட்டியும் இருக்கும். டைனமோ மெதுவான ஓட்டத்தில் மின்சாரம் தருவதில்லை. ஆகவே எஞ்சின் நிதானமாக ஓடும்போது சிவப்பு விளக்கு மினுங்குவது குறையன்று. வேகம் கூட்டியும் அணையாவிட்டால், டைனமோவின் இரண்டு கம்பிகளையும் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, அவற்றுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே வோல்ட்மீட்டரை வைத்து, வேகத்தை மெல்லக் கூட்ட வேண்டும். வோல்ட் சீராக ஏறினால் டைனமோ நல்லது. குறை ரெகுலேட்டர் பெட்டியிலோ கம்பிகளிலோ உள்ளது. 20-க்கு மேல் ஏறவிடலாகாது. ஏறாவிட்டால், தேய்ந்த கரிப் பிரஷ்களை முதலில் பார்க்க வேண்டும்.

கசிவைக் கண்டுபிடித்தல்

பாட்டரியும் நல்லது, வரத்தும் சரி, ஆயினும் இரவில் வற்றுகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்திக் கதவுகளைச் சாத்தியபின், எர்த் கம்பியைக் கழற்றி, அதற்கும் பாட்டரி முனைக்கும் நடுவே ஒரு சிறு 12 வோல்ட் பல்பை இணைக்க வேண்டும். பல்பு எரிந்தால் கசிவு நிச்சயம். பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கையில் எதை எடுத்தால் பல்பு அணைகிறதோ அந்த வழியில் தேட வேண்டும். டிக்கி விளக்கும், பின்னால் பொருத்திய ரேடியோவும் அடிக்கடி குற்றவாளிகளாக அகப்படும். டைனமோ வண்டியில் ரெகுலேட்டர் பெட்டியிலுள்ள கட்-அவுட் ஒட்டிக்கொண்டு, பாட்டரியின் மின்சாரம் டைனமோ வழியே திரும்பிப் போவதும் உண்டு.

ஓர் உதாரணம்

ஒருவர் வண்டியில் காலையில் 11.8 வோல்ட் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். வெளியே மின்சாரம் ஏற்றியபின் மறுநாள் 12.6 நின்றது, ஆறு அறைகளும் ஒத்திருந்தன. ஆகவே கண்மாய் நல்லது, கசிவும் இல்லை. எஞ்சினை ஓட்டி விளக்கேற்றிப் பார்த்தபோது பாட்டரியில் 12.4, ஆல்ட்டர்னேட்டரில் 14.3. ஆகவே தண்ணீர் தலைப்பில் இருக்கிறது. கண்மாய்க்கு வந்து சேரவில்லை. நடுவே கருகிப்போன ஒரு கம்பி முனையை வெட்டி மாற்றினால் காரியம் முடிந்தது. சோதிக்காமல் கடைக்குப் போயிருந்தால் பல ஆயிரம் ரூபாய்க்குப் புதிய பாட்டரி வந்திருக்கும். கருகிய முனையோ அப்படியே இருந்திருக்கும்.

ஜாக்கிரதை

மின்சாரம் ஏறும் பாட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிப்படுகிறது. அருகே பீடி, தீக்குச்சி முதலியன கூடாது. திராவகம் கண்ணில் பட்டால் தாமதமின்றித் தாராளமான நல்ல நீரால் கழுவி வைத்தியரிடம் செல்ல வேண்டும். உடலோடு கட்டப்பட்ட முனையையே முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் டைனமோ காலத்து வழக்கத்தை அறவே விட வேண்டும். அதனால் ஆல்ட்டர்னேட்டரின் டயோடுகள் பழுதாகிவிடும்.

வண்டி மாதக்கணக்கில் நிற்குமானால் பாட்டரியை மாதம் ஒரு முறை முழுவதும் ஏற்றி வைப்பது நலம். வற்றிய நிலையில் கிடக்கும் பாட்டரியின் தகடுகளில் வெண்ணிறப் பொருள் இறுகிப் படிந்து, பின்னர் மின்சாரம் ஏற்க மறுக்கும். மழைக்கு முன் வரத்துக்காலையும் மடையையும் பார்த்துவைக்கும் குடியானவர், வருஷத்தில் இரண்டு முறை இச்சோதனைகளையும் செய்து, கண்ட அளவுகளை ஒரு நோட்டில் குறித்துவந்தால், குறை முற்றுவதற்கு முன்பே அதைக் கண்டுகொள்வார். அவருடைய வண்டி நடுநிசியில் அழைத்தாலும் கிளம்பும்.