முதல் கேமிங் பிசி: நீங்களே அசெம்பிள் பண்ணலாமா?

புதுச்சேரியில இருந்து சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் சுமார் 150 கிலோமீட்டர். முதல் பிசியை நீங்களே அசெம்பிள் பண்ண நினைச்சா, அந்தத் தூரத்தையும் கணக்குல சேருங்க. பாகங்களை மாட்டுறது கஷ்டமே இல்ல. ஆன் ஆகலைன்னாதான் கஷ்டம். ரெடிமேட் மெஷினுக்கு ஒரே வாரண்டி. இதுல ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி. எது போச்சுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்.

நான் எஸ்எம்பிஎஸ்ல காசு மிச்சம் பிடிச்சேன், அதுவும் அப்பா கொடுத்த காசுல. டெஸ்க்டாப்ல அமைதியா இருக்கும். கேம் லோடு ஆனதும் கிராபிக்ஸ் கார்டு அதிக பவர் இழுக்கும், உடனே ரீஸ்டார்ட். மூணு வாரம் ரேமைச் சந்தேகப்பட்டேன், பாவம் அது! 80 பிளஸ் ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீங்க. அது மின்சாரம் எவ்வளவு வீணாகுதுன்னுதான் சொல்லும். உள்ளே இருக்கிற பாகங்களோட தரத்தைச் சொல்லாது.

ஆனா லாபமும் உண்டு. ஏஎம்டியோட ஏஎம்4 சாக்கெட் 2016-ல வந்தது. பழைய போர்டு பலதுல பயாஸ் அப்டேட் பண்ணி, 2020-ல வந்த ரைசன் 5000 பிராசஸரையே மாட்ட முடிஞ்சது. லேப்டாப்ல இது நடக்காது.

பிளேஸ்மெண்ட் கிடைச்சு ஆறு மாசத்துல பெங்களூரு கிளம்பறீங்களா? லேப்டாப் வாங்கிடுங்க. ரெண்டு வருஷமாவது வீட்டுலதான்னா, தைரியமா ஸ்க்ரூ டிரைவரை எடுங்க.