பெப்ரவரி நான்காம் திகதி

சுதந்திர தினத்தைப் பற்றி எழுதச் சொன்னால் எங்கள் மாணவியர் பெரும்பாலும் 1948 உடன் பேனாவை மூடிவிடுகிறார்கள். அதே திகதியில் இந்நாட்டில் நடந்த வேறு சிலவற்றையும் சேர்த்துப் படிக்கலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

1948 பெப்ரவரி 4இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. குளொஸ்டர் கோமகன் பாராளுமன்றத்தைச் சம்பிரதாயபூர்வமாகத் திறந்து வைத்ததோ 10ஆம் திகதி. பரீட்சையில் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சுதந்திரக் கோரிக்கையை அரசாங்க சபையில் ஆதரித்தவர்களுள் ரி. பி. ஜாயாவும் ஒருவர். முஸ்லிம்களுக்கெனத் தனிச் சலுகை கேட்டு அவர் பேரம் பேசவில்லை. அப்போது அவர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபர். கல்லூரியின் பெயரை நினைவில் வைத்திருங்கள்.

ஒன்பது ஆண்டுகள் சென்றன. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அடுத்த சுதந்திர தினமான 1957 பெப்ரவரி 4 அன்று தமிழர் பகுதிகளில் கறுப்புக்கொடி ஏறியது. திருகோணமலையில் கொடியேற்ற முனைந்த நடராஜன் என்ற இளைஞர் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரே நாள் ஒருவருக்கு விழாவாகவும் இன்னொருவருக்குத் துக்கமாகவும் பிரிந்தது அன்றுதான் என்பது என் கணிப்பு.

1998இல் பொன்விழா கண்டியில் நடக்கவிருந்தது. தலதா மாளிகைக் குண்டுவெடிப்பினால் தலைநகருக்கு மாறியது.

2016 பெப்ரவரி 4 அன்று காலிமுகத்திடலில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. 1949க்குப் பின் இதுவே முதல் தடவை என்று பத்திரிகைகள் எழுதின. தமிழ் வடிவத்தைத் தந்தவர் வட்டுக்கோட்டைப் புலவர் மு. நல்லதம்பி. அவர் தமிழ் கற்பித்தது எங்கே? அதே ஸாஹிராக் கல்லூரியில்!

என் ஊர் நயினாதீவு. நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் பள்ளிவாசலும் ஒரே சிறு தீவில் இருக்கின்றன. அங்கே பாடசாலையில் நாங்கள் தமிழில்தான் பாடி வளர்ந்தோம். 2016இல் செய்தி கேட்ட அயல்வீட்டு ஆச்சி, "இவ்வளவு நாளும் கொழும்பிலை பாடேல்லையோ பிள்ளை?" என்று கேட்டா. எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது.

2020இல் அதே நாளில், தேசிய விழாவில் தமிழில் பாடப்படவில்லை. 1978 அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலோ, மூன்றாம் அட்டவணையில், கீதம் தமிழிலேயே இருக்கிறது. நூலகத்தில் பிரதி கிடைத்தால் எடுத்துப் பாருங்கள்.